விண்டோஸ், மேக், லினக்ஸ், போன்: வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒரு விண்டோஸ் கணினி, ஒரு மேக்புக், லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், இரண்டு மூன்று போன். எல்லாம் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒரு கோப்பு அங்கிருந்து இங்கே வர வேண்டுமென்றால் பென்டிரைவைத் தேடுகிறோம், இல்லாவிட்டால் நமக்கு நாமே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறோம். இதற்குத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. எஸ்எம்பி என்ற பகிர்வு முறை இவை எல்லாவற்றுக்கும் தெரிந்த பொது மொழி. விண்டோஸிலும் மேக்கிலும் ஐபோனிலும் அது உள்ளேயே இருக்கிறது, லினக்ஸுக்கு சம்பா என்ற மென்பொருள், ஆண்ட்ராய்டுக்கு ஒரு செயலி.

முதல்முறை செய்பவர்களை இதில் கவிழ்ப்பது பெரும்பாலும் வரிசைதான். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ஷேர் கொடுப்பதில் ஆரம்பிக்கிறார்கள். அது இங்கே ஆறாவது படி. முந்தைய ஐந்தும் சரியாக இல்லாவிட்டால் ஆறாவதில் எத்தனை முறை டிக் போட்டு எடுத்தாலும் ஒன்றும் நடக்காது.

1. எந்தக் கணினி சர்வர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாக் கணினியிலும் எல்லாவற்றையும் பகிர வேண்டாம். ஒன்றே ஒன்று கோப்புகளை வைத்திருக்கட்டும், மற்றவை அதனுடன் இணையட்டும். அப்போதுதான் சிக்கல் வந்தால் எங்கே தேடுவது என்று தெரியும்.

எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் கணினி, முடிந்தால் ரவுட்டருடன் கேபிளில் இணைந்தது, நல்ல தேர்வு. இந்த வழிகாட்டியில் விண்டோஸ் 11 கணினியைச் சர்வராக வைத்துக்கொள்கிறேன், பெரும்பாலான வீடுகளில் அதுதான் இருக்கும் என்பதால். மேக் அல்லது லினக்ஸைச் சர்வராக வைப்பவர்களுக்கு எட்டாவது பகுதியில் சொல்கிறேன். ஆனால் 2, 4 இரண்டும் உங்களுக்கும் பொருந்தும்.

அந்தக் கணினியின் பவர் அமைப்பில், மின்சாரத்தில் இருக்கும்போது ஸ்லீப் போகாதபடி இப்போதே மாற்றிவிடுங்கள். நேற்று வேலை செய்தது இன்று காலையில் இல்லை என்று வரும் புகார்களில் நிறைய இதனால்தான்.

ஒரு விஷயத்தைக் கேட்டு நிறையப் பேர் தயங்குகிறார்கள்: விண்டோஸ் டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை ஆச்சே, மேக் அதில் எழுதாதே, ஃபார்மேட் செய்ய வேண்டுமா? வேண்டாம். டிஸ்க்கை நேரடியாகச் செருகினால்தான் அந்தப் பிரச்சினை. நெட்வொர்க் வழியாகப் போகும்போது டிஸ்க்கில் எழுதுவது விண்டோஸ்தான், மேக் கோரிக்கை மட்டுமே அனுப்புகிறது.

2. எல்லாம் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா?

ஒரே வீட்டில் இருப்பதும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு கருவியிலும் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்குக் கிடைத்த எண்ணை, பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதியில், உங்கள் இணைப்பின் ப்ராபர்ட்டீஸில் இருக்கும். மேக்கிலும் போனிலும் அந்த வைஃபை பெயரைத் தட்டினால் விவரத்தில் தெரியும். வழக்கமான வீட்டு ரவுட்டரில் முதல் மூன்று எண்கள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வர் 192.168.1.20, மேக் 192.168.1.35 என்றால் சரி. ஒன்று 192.168.1 என்றும் இன்னொன்று 192.168.0 என்றும் தொடங்கினால் நில்லுங்கள்.

இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டருக்குப் பின்னால் நீங்கள் இன்னொரு ரவுட்டரை மாட்டியிருப்பீர்கள், இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவதை, தானே முகவரி கொடுக்காத ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். அல்லது போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கும். கெஸ்ட் வைஃபையின் வேலையே கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுப்பதுதான், அதனால் அங்கே முகவரி ஒத்துப்போனாலும் இணைப்பு வராது. மூன்றாவது, இணைப்பை வேறொரு நெட்வொர்க் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் கணினியில் ஓடிக்கொண்டிருப்பது. அமைக்கும் வரை அதை அணைத்து வையுங்கள்.

3. விண்டோஸில் நெட்வொர்க்கை பிரைவேட் ஆக்குங்கள்

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் உங்கள் வைஃபை அல்லது ஈதர்நெட், அதன் ப்ராபர்ட்டீஸ். நெட்வொர்க் ப்ரொஃபைல் பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் என்று மாற்றுங்கள். புதிய வைஃபையில் இணையும்போது விண்டோஸ் 11 தானாகவே பப்ளிக் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பப்ளிக்கில் இருக்கும்போது ஃபயர்வால் பகிர்வுக்கான வழியை அடைத்தே வைத்திருக்கும், காபி கடையிலோ ரயில் நிலையத்திலோ யாரும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக.

அடுத்து அதே நெட்வொர்க் பக்கத்தில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ். பிரைவேட் நெட்வொர்க்கின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கீழே பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங் என்று ஒன்று இருக்கும். அதை அணைக்கச் சொல்லி நிறைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அணைக்காதீர்கள். காரணம் ஐந்தாவது படியில்.

இந்தக் கட்டத்தில் வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கென்று தனி ஃபயர்வால் இருக்கலாம். விண்டோஸில் பிரைவேட் என்று மாற்றியது அதற்குத் தெரியாது, அங்கேயும் போய் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று சொல்ல வேண்டும்.

4. சர்வரின் முகவரி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

ரவுட்டர் கொடுக்கும் முகவரி நிரந்தரமில்லை. இன்று 20 என்று முடிவது, ஒரு மின்வெட்டுக்குப் பிறகு 27 ஆகலாம். நீங்கள் போனிலும் மேக்கிலும் சேமித்து வைத்த இணைப்பு அத்தனையும் அன்றைக்குச் செத்துப்போகும்.

அதனால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பகுதியில் ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் பைண்டிங் மாதிரி ஒரு பெயரில் இருப்பதைத் தேடி, சர்வரின் மேக் (MAC) முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிடுங்கள். இது ஆப்பிள் மேக் இல்லை, நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் ஹார்ட்வேர் அடையாள எண். ஒதுக்குவதற்கு முன் விண்டோஸில் அந்த வைஃபைக்கு ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் கணினி தன் உண்மையான அடையாளத்துக்குப் பதில் வேறொன்றைக் காட்டும், ரவுட்டரில் நீங்கள் ஒதுக்கியது யாருக்கும் போய்ச் சேராது.

விண்டோஸுக்குள்ளேயே ஐபியைக் கையால் அடித்து வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் ரவுட்டர் அதே எண்ணை இன்னொரு போனுக்குக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. ரவுட்டரிலேயே ஒதுக்குவதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

5. பகிர்வுக்கென்று ஒரு தனி யூசர்

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் கடைசியில் பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு என்று முட்டிக்கொண்டு நிற்பவர்கள். ஏன் என்று பாருங்கள்.

தினமும் விண்டோஸைத் திறக்க நீங்கள் அடிப்பது பின் எண். அது அந்த ஒரு கணினியில் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டுமே, நெட்வொர்க் வழியாக வருகிறவர்களிடம் விண்டோஸ் கேட்பது பாஸ்வேர்டு. நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர் என்றால் அது அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு, பல பேருக்கு அது என்னவென்றே நினைவிருக்காது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் விண்டோஸ் அதை நெட்வொர்க் வழியாக உள்ளேயே விடாது.

பாஸ்வேர்டே கேட்காத கெஸ்ட் முறையில் வைத்தால் என்ன என்று தோன்றும். முன்பு அது ஓடியது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் புரோ போட்ட கணினிகள் மற்ற சர்வர்களுடன் கெஸ்டாக இணைவதையே முன்னிருப்பாக மறுக்கின்றன. பழைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்தவர்களுக்கு, நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று ஒரு செய்தி வரும். வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம் என்று குழம்பிப் போவார்கள்.

ஆகவே செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட். இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பைத் தட்டி, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஒரே சொல்லாக இருக்கட்டும். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். ஒவ்வொரு கருவியிலும் ஒரு முறைதான் அடிக்கப்போகிறீர்கள். இது அட்மின் கணக்காக இருக்கக் கூடாது, சாதாரணக் கணக்கே போதும். லாகின் திரையில் புதிதாக ஒரு பெயர் தெரியும், அதை யாரும் தொட வேண்டியதில்லை.

6. ஃபோல்டரைப் பகிருங்கள்: இரண்டு கதவு, இரண்டையும் திறக்க வேண்டும்

இப்போதுதான் ஃபோல்டர். டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ இருப்பதைப் பகிராதீர்கள். அவை உங்கள் சொந்தக் கணக்கின் இடங்கள், புதிய யூசருக்கு அங்கே உரிமை கிடையாது; மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோப்பு கணினியில் இல்லாமல் இணையத்தில் மட்டும் இருக்கவும் கூடும். சி அல்லது டி டிரைவின் மேல்மட்டத்தில் புதிதாக ஒரு ஃபோல்டரை உருவாக்குங்கள். முழு டிரைவையும் பகிர்வது வேண்டவே வேண்டாம்.

ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், ஷேரிங் டேப், அட்வான்ஸ்டு ஷேரிங். ஷேர் திஸ் ஃபோல்டர் என்பதில் டிக். ஷேர் பெயரும் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி இருப்பது நல்லது, போனில் அடிக்கும்போது அருமை தெரியும். பெர்மிஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் எவ்ரிஒன் என்ற பெயரும் அதற்கு ரீட் உரிமை மட்டும் இருப்பதும் தெரியும். எவ்ரிஒன்னை நீக்கிவிட்டு, ஐந்தாவது படியில் உருவாக்கிய யூசரைச் சேர்த்து, சேஞ்ச் உரிமை கொடுங்கள். இது முதல் கதவு.

இரண்டாவது கதவு பக்கத்திலிருக்கும் செக்யூரிட்டி டேப். அங்கேயும் எடிட் கொடுத்து அதே யூசரைச் சேர்த்து, மாடிஃபை உரிமை தர வேண்டும். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். ஃபோல்டர் திறக்கிறது, கோப்பைப் படிக்க முடிகிறது, ஆனால் எதையும் போட முடியவில்லை என்றால் இரண்டில் ஒரு கதவு பாதிதான் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

7. மற்றவற்றிலிருந்து இணைவது

நெட்வொர்க் ஐகானைத் தட்டி, சர்வர் பட்டியலில் வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். வரலாம், வராமலும் போகலாம். தன்னை அறிவித்துக்கொள்ள விண்டோஸ் ஒரு முறையையும் மேக் வேறொரு முறையையும் பயன்படுத்துகின்றன, அதனால் பட்டியலில் பெயர் இல்லாதது பிழையே இல்லை. நேராக முகவரியை அடியுங்கள்.

மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டும் கே-யும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ்எம்பி என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடு, அப்புறம் சர்வரின் ஐபி: smb://192.168.1.20 என்று. ரெஜிஸ்டர்டு யூசர் என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய யூசரின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். உங்கள் மேக் யூசரின் பெயர் அங்கே தானாக நிரம்பியிருக்கும், அதைக் கவனிக்காமல் பாஸ்வேர்டை மட்டும் அடிப்பது மிகவும் சகஜமான தவறு. கீசெயினில் நினைவில் வைக்கும் டிக்கைப் போட்டுவிடுங்கள்.

லினக்ஸில் உங்கள் ஃபைல் மேனேஜரின் நெட்வொர்க் அல்லது அதர் லொக்கேஷன்ஸ் பகுதியில் சர்வர் முகவரி அடிக்கும் இடம் இருக்கும். அதே முகவரிதான். டொமைன் என்று ஒன்று கேட்டால் வொர்க்குரூப் என்று இருப்பதை அப்படியே விடுங்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தானாக இணைய வேண்டுமென்றால் எஃப்எஸ்டாப் (fstab) கோப்பில் ஒரு வரி சேர்க்கலாம். சேர்த்தால் நோஃபெயில் (nofail) என்ற விருப்பத்தையும் சேருங்கள், இல்லாவிட்டால் சர்வர் அணைந்திருக்கும் நாளில் லேப்டாப் பூட் ஆவது சிக்கலாகலாம்.

ஐபோனில் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலியிலேயே இந்த வசதி உண்டு. ப்ரவுஸ் பக்கத்தில் மேலே மூன்று புள்ளி, கனெக்ட் டு சர்வர். ஆண்ட்ராய்டில் பல போன்களோடு வரும் ஃபைல் செயலியில் இது இருக்காது. சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மாதிரி எஸ்எம்பி தெரிந்த ஒன்றைப் போடுங்கள், வீடியோ மட்டும் பார்க்க வேண்டுமென்றால் விஎல்சி போதும். ஐபோனில் விஎல்சி போட்டால் லோக்கல் நெட்வொர்க்கைப் பயன்படுத்த அனுமதி கேட்கும். யோசிக்காமல் மறுத்துவிட்டு, சர்வரைக் காணவில்லை என்று தேடுவார்கள். செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதியில் போய் மாற்றலாம்.

இன்னொரு விண்டோஸ் கணினி என்றால் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடும் ஐபியும்: \\192.168.1.20 என்று. உள்ளே போனதும் ஒரு சிறிய கோப்பை உருவாக்கி, பெயர் மாற்றி, அழித்துப் பாருங்கள். மூன்றும் நடந்தால்தான் இணைப்பு முழுமை. ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிந்ததுமே முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம்.

8. மேக் அல்லது லினக்ஸ் சர்வராக இருந்தால்

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், ஃபைல் ஷேரிங். அதை ஆன் செய்து, பக்கத்திலுள்ள தகவல் பொத்தானில் ஃபோல்டரையும் யூசரையும் சேருங்கள். இங்கே ஒளிந்திருக்கும் ஒன்று: ஆப்ஷன்ஸ் உள்ளே விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்று யூசர்களின் பட்டியல் இருக்கும், அதில் அந்த யூசருக்கு டிக் போட்டு பாஸ்வேர்டையும் அடிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இன்னொரு மேக் இணையும், ஆனால் விண்டோஸ் பாஸ்வேர்டு தவறு என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

லினக்ஸில் சம்பா தொகுப்பை நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பு ஈடிசி ஃபோல்டருக்குள் சம்பா ஃபோல்டரில் இருக்கிறது. கடைசியில் ஒரு பகுதி சேர்த்து, ஃபோல்டரின் பாதை, ரீட் ஒன்லி இல்லை, வேலிட் யூசர்ஸில் உங்கள் யூசர் என்று மூன்று வரி எழுதினால் போதும், இணையத்தில் கிடைக்கும் நாற்பது வரி மாதிரிகளை ஒட்டாதீர்கள். எழுதியதும் டெஸ்ட்பார்ம் (testparm) கட்டளையை ஓட்டினால் பிழை இருந்தால் சொல்லிவிடும். அப்புறம் சம்பா சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

லினக்ஸில் எல்லோரும் விழும் குழி, பாஸ்வேர்டு. லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டு வேறு, சம்பா பாஸ்வேர்டு வேறு. யூசர் முதலில் லினக்ஸில் இருக்க வேண்டும், பிறகு சம்பாவின் பாஸ்வேர்டு கட்டளையில் (smbpasswd) அந்த யூசரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஃபோல்டரின் சொந்தக்காரர் யார் என்பதையும் பாருங்கள், ஆறாவது படியின் இரண்டாவது கதவு இங்கேயும் உண்டு. ஃபயர்வால் ஓடினால், எஸ்எம்பி வந்து போகும் வழியான டிசிபி 445 போர்ட்டை வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

9. கோப்புப் பெயர்கள்

லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஆங்கிலத்தில் ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதிய இரண்டு கோப்புகள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விண்டோஸுக்கு நகலெடுக்கும்போது ஒன்று மற்றதை அழிக்கப் பார்க்கும். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் இவற்றை விண்டோஸ் பெயரில் ஏற்காது. மேக் போய் வந்த ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் குட்டிக் கோப்புகள் கிடக்கும், வைரஸ் இல்லை, விட்டுவிடலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் துணைக்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் வரும் இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பிரித்துத்தான் சேமிக்கும். அப்படி ஒரு மேக்கில் செய்த ஜிப்பை, லினக்ஸில் அதே பெயர் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் பிரித்தால் ‘கோவில் படங்கள்’ என்று ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் நிற்கலாம், தேடினால் ஒன்றுதான் சிக்கும். பெயரை ஒரு முறை லினக்ஸிலேயே அடித்து மாற்றினால் தீர்ந்தது.

10. இணையவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

ஒரே நேரத்தில் நான்கு அமைப்பை மாற்றாதீர்கள், எது சரி செய்தது என்றே தெரியாமல் போகும். என்ன செய்தி வருகிறது என்பதே பாதிப் பதில்.

சர்வரே கிடைக்கவில்லை, நேரம் முடிந்தது என்று வந்தால் பாஸ்வேர்டைத் தொட வேண்டாம், அங்கே வரை போகவே இல்லை. சர்வர் விழித்திருக்கிறதா, ஐபி அதேதானா, ப்ரொஃபைல் பிரைவேட்டில் இருக்கிறதா, ஃபயர்வால் எப்படி என்று 1 முதல் 4 வரை திரும்பப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டு மறுக்கிறது என்றால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, யூசரில்தான் சிக்கல். பெயருக்கு முன்னால் சர்வரின் கணினிப் பெயரும் ஒரு பின்சாய்கோடும் சேர்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே விட்டு, ஃபோல்டரில் மட்டும் மறுத்தால் ஆறாவது படி.

விண்டோஸிலிருந்து இணையும்போது, ஒரே சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட யூசர் பெயரில் இணைய முடியாது என்று வந்தால், முன்பு தவறான பெயரில் போன இணைப்பு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. க்ரெடென்ஷியல் மேனேஜரில் அந்தச் சர்வருக்கான பதிவை நீக்கிவிட்டு, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அந்தப் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10-இன் புதிய நிறுவல்களில் அதன் சர்வர் பகுதி வருவதில்லை, சம்பாவும் 2019-ல் 4.11 பதிப்பில் அதை அணைத்துவிட்டது. உங்கள் பழைய டிவிக்கு அதுதான் தெரியும் என்றால் டிவிக்கு வேறு வழி பாருங்கள்.

11. வேகம்

பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து எண்ணைக் கவனியுங்கள். கேபிளில் இருந்தும் நொடிக்கு 11 மெகாபைட் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், வழியில் எங்கோ 100 மெகாபிட் போர்ட்டோ பழுதான கேபிளோ இருக்கிறது. கிகாபிட் என்றால் 110 வரை போகும், டிஸ்க் ஈடுகொடுத்தால். வைஃபையில் இந்த எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான சிறிய கோப்புகள் எப்போதுமே மெதுவாகத்தான் போகும். அவற்றை ஜிப் செய்து ஒன்றாக அனுப்புங்கள்.

12. வெளியூரிலிருந்தும் வேண்டும் என்றால்

ரவுட்டரில் 445 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டால் போதும் என்று ஒரு யோசனை வரும். கூடவே கூடாது. அந்தப் போர்ட்டைத் தேடி இணையம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் அலைந்துகொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து வேண்டுமென்றால் ரவுட்டரிலோ சர்வரிலோ வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் அமைத்து, முதலில் வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்துவிட்டு, அப்புறம் ஏழாவது படியில் அடித்த அதே முகவரியை அடியுங்கள்.